பழைய அம்பாசடர் பிரேக்: எதைத் தேற்றலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற பழைய கார்களில், இன்ஜினுக்கு முன்னாடி பிரேக் போய்விடும். உப்புக்காற்று வெளியிலிருந்து இரும்புக் குழாயைத் தின்கிறது. உள்ளே டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகை என்பதால் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் ஊற்றி வைக்கும் மாஸ்டர் டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரமேறிய ஆயிலும் கசடும் தாழ்வான இடத்தில், அதாவது சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் தங்கி வார்ப்பிரும்பில் குழி போடும். தினமும் ஓடுகிற வண்டியை விட மாதக்கணக்கில் ஓரங்கட்டி வைத்த வண்டிக்குத்தான் இதில் சேதம் அதிகம்.

கீழே வருவது நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சுழலும் டிரம்மின் உள்பக்கத்தை ஷூக்கள் அழுத்திப் பிடிக்கும் வகை) உள்ள பழைய அம்பாசடருக்கானது. பிற்கால மாடல்கள் சிலவற்றில் முன்சக்கரத்தில் டிஸ்க் இருக்கும். அது வேறு வேலை. பிரீமியர் பத்மினிக்கும் இதே முறைதான், ஆனால் மரை வேறு. பழைய அம்பாசடரின் பிரேக் குழாய் நட்டு பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பத்மினியில் 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி. 3/8 அங்குலம் என்றால் 9.5 மி.மீ. சொச்சம். அதனால் அம்பாசடர் நட்டு பத்மினி துளையில் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறிவிடும், இறுகின மாதிரியும் தெரியும். பெடலை அழுத்தி மிதித்தால் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். எந்த நட்டும் விரலாலேயே முக்கால்வாசி ஏற வேண்டும். ஏறாவிட்டாலும் லொடலொடவென்று ஆடினாலும் அது அந்த வண்டியின் நட்டு இல்லை.

கழற்றும் முன்னே கண்டுபிடிக்க வேண்டியவை

வண்டியைப் பிரிப்பதற்கு முன் பெடல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிரித்த பிறகு அந்தத் தகவல் கிடைக்காது.

காலை அழுத்தி வைத்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை: மாஸ்டர் சிலிண்டரின் (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குத் தருவது) கப், அதாவது பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் அடைப்பு, உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுகிறது. முதல் மிதிக்குக் கீழே போய், இரண்டாவது மிதிக்கு மேலே வருகிறது: ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, அட்ஜஸ்ட் பண்ணினால் சரியாகலாம். எத்தனை தடவை பம்ப் பண்ணினாலும் மெத்துமெத்தென்று இருக்கிறது: காற்று ஏறியிருக்கிறது, அல்லது ஹோஸ் உப்புகிறது. பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் வலது பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பக்கம் சிலிண்டர் இறுகியிருக்கும், இல்லை ஷூவில் ஆயில் பட்டிருக்கும். இதில் நிறைய பேர் தப்பான சக்கரத்தைத் திறந்து அரை நாளை வீணாக்குவார்கள்.

பிரேக் பிடித்த பிறகு சக்கரம் விடவில்லை என்றால் ஒரு சோதனை உண்டு. அந்தச் சக்கரத்தின் நிப்பிளை (காற்றும் ஆயிலும் வெளியேற்றும் சின்னத் திருகு) கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே சுற்றத் தொடங்கினால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூடிவிட்டு மறுபடி பிரேக் மிதித்து விடுங்கள். இந்த முறை ஹோஸுக்கு மேல்பக்கம், இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் இன்னும் இறுகியே இருந்தால் ஹோஸின் உள்சுவர் உரிந்து, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் தடுக்கிறது. மேலே தளர்த்தியதும் விட்டுவிட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அல்லது பெடல் கம்பியில். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் ஆயிலுக்குச் சம்பந்தமில்லை. ஸ்பிரிங் உடைந்திருக்கும், பின்சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து மாட்டியிருக்கும்.

இன்னொரு சோதனையையும் தவறாமல் செய்யுங்கள். மாஸ்டர் டப்பாவிலிருந்து பத்துச் சொட்டு எடுத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் விடுங்கள். நல்ல பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் யாரோ இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் வண்டியில் ஆயில் படுகிற அத்தனை ரப்பரும் ஊதிப்போயிருக்கும்: மாஸ்டர் கிட் (உள்ளே போடும் ரப்பர் சாமான்களின் செட்), ஆறு வீல் சிலிண்டர் கிட், மூன்று ஹோஸ், எல்லாம் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றிச் சமாளிக்க வழி கிடையாது.

வாங்க வேண்டியவை

நாலு சக்கரமும் திறந்து முழு வேலை என்றால்: முன்னால் சக்கரத்துக்கு இரண்டாக நாலு வீல் சிலிண்டர் கிட், பின்னால் இரண்டு, மாஸ்டர் கிட் ஒன்று, ஹோஸ் மூன்று (முன்னால் இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று), ஷூ எட்டு, செம்பு வாஷர்கள் புதிதாக, நிப்பிள் நாலு, பிரேக் ஆயில் ஒரு லிட்டர். சிலிண்டர் அளவைப் பழைய உடம்பில் வார்த்திருக்கும் எழுத்தைப் பார்த்துச் சொல்லி வாங்குங்கள். 7/8 அங்குலம் என்றால் 22.2 மி.மீ. ‘22 போட்டா போதும்ணே’ என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் பழைய ஸ்டாக் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்கில் இரும்புச் சாமானை நம்பி வாங்கலாம். ரப்பரை வாங்கக் கூடாது. பத்து வருஷம் அட்டைப்பெட்டியில் கிடந்த கப் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். விளிம்பை விரலால் மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரியும். மடங்கின விளிம்பு உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாவிட்டாலும் வேண்டாம்.

தூக்கி நிறுத்துதல், டிரம் கழற்றுதல்

சமதளத்தில் நிறுத்துங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டும். ஹாலோ பிளாக் அடுக்கி வைக்கிற பழக்கம் நம்ம பக்கம் நிறைய உண்டு. அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பின்டிரம்முக்கு ஹேண்ட் பிரேக்கை இறக்கி விட வேண்டும். அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்துங்கள். மாடலைப் பொறுத்து அது டிரம்மின் முகத்து ஓட்டை வழியாகவோ பின்தட்டிலோ இருக்கும். டிரம்மைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றிய பிறகும் வராவிட்டால் ஹப்பைச் சுற்றித் துரு பிடித்திருக்கிறது. ரப்பர் சுத்தியலால் முகத்தில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

டிரம் வந்ததும் உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். பழைய லைனிங்கில் (ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவது பட்டறை வழக்கம். செய்யாதீர்கள், பக்கத்தில் நிற்கிறவர் நுரையீரலுக்கும் சேர்த்துக் கேடு. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் வழித்து, அந்தத் துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள்.

ஷூவைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்பது மறுநாள் ஞாபகம் இருக்காது. ஒரு சக்கரத்தை முடித்த பிறகு அடுத்ததைத் திறந்தால் பார்த்து மாட்ட ஒன்றாவது முழுசாக இருக்கும்.

வீல் சிலிண்டர்: குழியா, கறையா

இந்த வேலையின் முடிவெல்லாம் இங்கேதான். டஸ்ட் கவரை விலக்கியதும் உள்ளே ஈரம் தெரிந்தால் கப் போய்விட்டது. பிஸ்டன் இறுகியிருந்தால் சிலிண்டரை வண்டியிலிருந்து கழற்றி, ஆயில் வரும் துளை வழியாகக் கொஞ்சமாகக் காற்று கொடுத்து வெளியே தள்ளலாம். முன்னால் தடித்த துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

கழற்றிய சிலிண்டரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. ஓரங்களில் ஒட்டியிருக்கும் மிச்சம் புதுக் கப்பை ஊதவைத்துவிடும். ஒரு வாரம் அருமையாகப் பிடிக்கும், பிறகு சக்கரம் இறுகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது புது பிரேக் ஆயில், இரண்டில் ஒன்றுதான்.

உள்ளே துடைத்துக் காயவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கப் உட்கார்ந்திருந்த இடத்தில் பழுப்பு வளையம் தெரியும். அடிப்பக்கத்தில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், கறுப்புப் புள்ளிகள் இருக்கும். பல்குத்தும் குச்சியின் முனையை அந்தப் புள்ளிகள் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கறை. தட்டி நின்றால் குழி.

கறைக்கு ஹோன் (உள்சுவரைச் சுழன்று தேய்க்கும் கல்) போடலாம். மூன்று கல் உள்ள சின்ன ஹோன், 320 அல்லது 400 கிரிட், டிரில்லில் குறைந்த வேகம், பிரேக் ஆயில் விட்டு, உள்ளும் வெளியும் நகர்த்திக்கொண்டே பத்துப் பன்னிரண்டு இழுப்பு. துடைத்துப் பாருங்கள். கறை போயிருந்தால் சிலிண்டர் பிழைத்தது. புள்ளி அப்படியே இருந்தால் நிறுத்துங்கள். குழி மறையும் வரை தேய்ப்பவர்கள் துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், 0.1 மி.மீ.க்கு மேல் பெரிதானால் புதுக் கப்பும் லூசுதான். எமரி காகிதத்தைக் குச்சியில் சுற்றி நீளவாக்கில் தேய்ப்பது அதைவிட மோசம், ஆயில் ஒழுக வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. அலுமினிய உடம்பு சிலிண்டருக்கு ஹோனே கூடாது, மேல்பூச்சு போய்விடும்.

‘குழி வாய்ப்பக்கம்தானே இருக்கு, கப் அங்க வராதுல்ல’ என்று ஒரு வாதம் வரும். ஷூ தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும், கப் அங்கே வந்தே தீரும். உள்பக்கக் குழிக்கு இதே கதை தலைகீழ். தேய்ந்த ஷூவோடு ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கப் வெளிப்பக்கம் இருந்திருக்கும். புது ஷூ தடிமனாக வந்ததும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, வருஷக்கணக்கில் கசடு தங்கின இடத்தில் கப் உட்காருகிறது. புது ஷூ போட்ட மறுவாரமே சிலிண்டர் ஒழுகுவதற்கு இதுதான் காரணம். ஷூ மாற்றும்போது சிலிண்டரைத் திறக்காமல் விடுவது மிச்சம் பிடிக்கிற வேலை இல்லை.

குழி விழுந்த சிலிண்டருக்குப் புதுசு கிடைத்தால் புதுசு போடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்லீவ், அதாவது துளையைக் கடைந்து உள்ளே செருகும் மெல்லிய குழாய். காசிமேடு துறைமுகத்தைச் சுற்றிப் படகு இன்ஜின் வேலை பார்க்கும் லேத்துப் பட்டறைகளில் இதைச் செய்யத் தெரிந்த கை உண்டு. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ், சுவர் 1.5 முதல் 2 மி.மீ., இறுக்கமாக அழுத்திப் பொருத்தி ஒட்டுப்பசையோடு, கடைசியில் பழைய அளவுக்கே ஹோன். ஆயில் துளையை ஸ்லீவில் மறுபடி போட்ட பிறகு உள்பக்கப் பிசிறை எடுத்துவிட்டார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்தப் பிசிறு கப்பின் விளிம்பைச் சீவிவிடும். வார்ப்பின் சுவர் ஏற்கெனவே மெல்லியதாக இருந்தால் ஸ்லீவ் வேண்டாம். பட்டறையிலிருந்து வருவது கிரீஸும் கட்டிங் ஆயிலுமாக வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிறகு ஆல்கஹாலில் ஒரு முறை.

மாட்டும்போது கப்பையும் பிஸ்டனையும் புது பிரேக் ஆயிலில் நனைத்து, கப்பின் குழிந்த பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கும்படி விரலால் தள்ளுங்கள். ஸ்குரூடிரைவர் கிட்டேயே வரக்கூடாது. நிப்பிள் திருக வராவிட்டால் முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, தலையில் இரண்டு தட்டு தட்டி, பிறகு தளர்த்துங்கள். உடைந்தால் அந்தச் சிலிண்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

முன்சக்கரத்தில் இரண்டு ஷூவும் முன்னோடி வகை, அதாவது டிரம் சுற்றும் வேகமே ஷூவை இன்னும் இறுக்கமாக அழுத்தும் வகை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிலிண்டர், இரண்டையும் இணைக்க ஒரு சின்னக் குழாய். இடது வலது மாறினால் முன்னோக்கி ஓடும்போது இரண்டு ஷூவும் பின்தங்கும் வகையாகிவிடும். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. ரிவர்ஸில் மட்டும் அபாரமாகப் பிடிக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் பிஸ்டன் ஷூவைத் தள்ள வேண்டும் என்பதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின்சிலிண்டர் சில மாடல்களில் தட்டில் முன்பின் நகரும் வகை. துருவால் தட்டோடு ஒட்டிவிட்டால் ஒரு ஷூ மட்டுமே தேயும். கையால் தள்ளினால் நகர வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர்

பெடல் தரையிலிருந்து மேலே வரும் பழைய மாடல்களில் மாஸ்டரும் தரைக்கு அடியில். மழைத் தண்ணீர் தேங்கும் தெருவில் அதன் ரப்பர் உறையில்தான் முதல் அடி.

குழி பார்க்கும் விதம் வீல் சிலிண்டரைப் போலவேதான், ஆனால் இதில் ஸ்லீவ் போடுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. காரணம் ஈடுசெய்யும் துளை. டப்பாவிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கும் இரண்டு துளைகளில் சின்னது, குண்டூசி மட்டுமே நுழையும். பெடலை விட்டதும் சூடாகி விரிந்த ஆயில் இது வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. ஸ்லீவில் அதைச் சரியான இடத்தில், பிசிறில்லாமல் போடுவது எல்லா லேத்திலும் நடக்காது. இடம் அரை மில்லி தள்ளிப்போனாலும் பிரேக் விடாது. குழி இருந்தால் புது மாஸ்டர்தான்.

இந்தத் துளை கசடால் அடைத்திருந்தால் மெல்லிய செம்புக் கம்பியால் குத்துங்கள். எஃகுக் கம்பி துளையைப் பெரிதாக்கும்.

மாட்டின பிறகு பெடல் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 0.8 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பெடலில் அது மூன்று நாலு மில்லி வெற்று அசைவாகத் தெரியும். ‘பெடல் மேல நிக்கட்டும்’ என்று கம்பியை நீட்டி இந்த அசைவை எடுத்துவிட்டால் பிஸ்டன் முழுக்கத் திரும்பாது, துளை மூடியே இருக்கும். வீட்டு வாசலில் எல்லாம் சரியாக இருக்கும். மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்று நின்று போனால், சூட்டில் ஆயில் விரிந்து நாலு சக்கரமும் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

குழாயும் ஹோஸும்

இரும்புக் குழாயைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். மேல்துரு போய் வழுவழுப்பான இரும்பு தெரிந்தால் இருக்கட்டும். சொரசொரப்பாக, செதில் செதிலாக வந்தால் மாற்றுங்கள். கிளிப்புக்கு அடியிலும் பின் ஆக்ஸில் மேலும் தவறாமல் பாருங்கள், ஈரம் தங்கும் இடம் அதுதான். வெல்டிங், பிரேஸிங், ஈயம் வைப்பது, ஓட்டை விழுந்த இடத்தில் ரப்பர் டியூப் மாட்டிக் கிளிப் போடுவது: பிரேக் குழாயில் இவை எதற்கும் இடமில்லை.

புதுக் குழாய் 3/16 அங்குலம், அதாவது 4.75 மி.மீ. கடலோரத்துக்கு நிக்கல் கலந்த செம்புக் குழாய்தான் நல்லது. துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். 25 அடிச் சுருள் ஒரு வண்டிக்குத் தாராளம். பாரிமுனைப் பக்கம் ஃபிரிட்ஜுக்கு விற்கும் செம்புக் குழாயைச் சிலர் வாங்கிப் போடுவார்கள். அது இந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை, அதிர்வில் கடினமாகி நட்டுப் பக்கம் வெடிக்கும்.

ஹாக்சா பிளேடு வேண்டாம், டியூப் கட்டர் வையுங்கள். உள்விளிம்புப் பிசிறை எடுத்து, தூளை ஊதி, நட்டை முதலில் நுழைத்து, பிறகு முனையை விரியுங்கள். நட்டை மறந்துவிட்டு முனை விரித்து, மறுபடி வெட்டாத மெக்கானிக் கிடையாது. ஒற்றை மடிப்பு விரிப்பு போதாது, வெடிக்கும். பழைய குழாயில் முனை எந்த வடிவமோ, இரட்டை மடிப்போ குமிழோ, அதையே போடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று உட்காராது. குழாயைப் பழைய வழியிலேயே ஓட்டி, எல்லாக் கிளிப்பையும் போடுங்கள். சைலென்சர் குழாய்க்குப் பக்கத்தில் குறுக்குவழி தேடாதீர்கள்.

ஹோஸை வளைத்துப் பாருங்கள். மேலே வெடிப்பு தெரிந்தாலோ யாராவது மிதிக்கச் சொல்லிப் பார்க்கும்போது உப்பினாலோ மாற்ற வேண்டும். வேலை நடக்கும்போது ஆயிலை நிறுத்த ஹோஸைப் பிளையரால் நெரித்துப் பிடித்தால் உள்சுவர் அப்போதே கிழியும். மாட்டும் வரிசை முக்கியம்: முதலில் சிலிண்டர் பக்கம் புதுச் செம்பு வாஷரோடு இறுக்கி, அடுத்து பிராக்கெட்டில் முறுக்கில்லாமல் லாக் நட்டு, கடைசியில் இரும்புக் குழாய். ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசவில்லை என்று பாருங்கள்.

ஷூவும் டிரம்மும்

ரிவெட் அடித்த லைனிங் ரிவெட் தலைக்கு மேல் 0.8 மி.மீ. கூட இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். ஒட்டு லைனிங்குக்கு 1.6 மி.மீ. ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி எமரி போட்டு மாட்டித் தருவது இன்றைக்கும் நடக்கிறது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும். முதல் சூட்டிலேயே உள்ளே ஊறின ஆயில் மேலே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கும் இதுதான் விதி: எட்டு ஷூவும் குப்பைக்கு, டிரம்மை மட்டும் சோப்பு போட்டுக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். பின்ஷூவில் வருவது கியர் ஆயில் வாடை என்றால் ஆக்ஸில் சீலை மாற்றாமல் புது ஷூ மாட்டாதீர்கள்.

பழைய ஷூவிலேயே லைனிங் அடிப்பதானால் நடு ரிவெட்டில் தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் போக வேண்டும். ஓரத்திலிருந்து அடித்தால் நடுவில் தூக்கிக்கொள்ளும். லைனிங்குக்கும் ஷூவுக்கும் நடுவே காகிதம்கூட நுழையக் கூடாது. இரண்டு முனைகளையும் அரத்தால் சாய்வாகச் சீவுங்கள், இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். டிரம்முக்குள் சாக்பீஸ் தேய்த்து ஷூவை அழுத்திச் சுற்றினால் எங்கே படுகிறது என்று தெரியும். நடுவில் நல்லாப் பட்டால் போதும், ஓரம் ஓடி ஓடிப் படியும். முனைகளில் மட்டும் பட்டால் திருப்பிக் கொடுங்கள்.

டிரம்மில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் லேத்தில் கடையலாம். அளவு எழுதியிருக்காத பழைய டிரம்முக்குப் பொதுக்கணக்கு: மூல விட்டத்தை விட 1.5 மி.மீ.க்கு மேல் கடையக் கூடாது, ஒரே ஆக்ஸிலின் இரண்டு டிரம்மும் கால் மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும். நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் வேறு வேறு. வெடிப்பு விளிம்பைத் தொட்டால் டிரம் இரும்புக்கடைக்கு.

பின்தட்டில் ஷூ உரசும் மேடுகளையும் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டி, விட்டு விட்டுப் பிடிக்கும். வெல்டு வைத்து அரத்தால் சமன் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் துளி வையுங்கள். துளி என்றால் துளிதான்.

அட்ஜஸ்ட், காற்று எடுத்தல்

காற்று எடுக்கும் முன்பே ஷூவை அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். சக்கரம் சுற்றாத அளவுக்கு இறுக்கி, பெடலை ஒரு முறை மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்து, சக்கரம் லேசான உரசலோடு சுற்றும் வரை தளர்த்துங்கள். முன்சக்கரத்தில் இரண்டு அட்ஜஸ்டர் இருந்தால் இரண்டையும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடுவது இதற்குப் பிறகுதான்.

ஆயில் டாட் 3 அல்லது டாட் 4. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறினால் 140-க்கு இறங்கும். டாட் 4-க்கு அவை 230, 155. நம்ம ஊர் ஈரத்துக்கு டாட் 4 வாங்கலாம். சிலிக்கோன் வகை டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. திறந்து பாதி வைத்த டின்னை மறு வருஷம் ஊற்றாதீர்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துடைத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும்.

மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனை கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் திறந்து மூட வேண்டும். ‘புடி’ என்றால் பிடித்திருக்க வேண்டும், ‘விடு’ சொல்லும் வரை கால் வரக்கூடாது. படபடவென்று பம்ப் அடித்தால் ஆயில் நுரைத்து, காற்று பொடிப்பொடியாகி வரவே வராது. மாஸ்டரைப் பழையதாகவே விட்டிருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்து, தரை வரை போகாமல் தடுங்கள். போனால், இதுவரை போகாத துருப்பகுதியில் கப் உரசிக் கிழியும். டப்பா பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பாட்டிலில் வந்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது.

முடிந்ததும் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிஷம் மிதித்துப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில், விடியற்காலையில், 20 கி.மீ. வேகத்துக்குள். எண்ணூர் நெடுஞ்சாலைக்கு அன்றைக்கே போக வேண்டாம். நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகு 40-லிருந்து 10 வரை இதமாகக் குறைப்பதைப் பதினைந்து இருபது முறை, நடுவே ஆற விட்டுச் செய்யுங்கள். புது லைனிங் படியும். நிறுத்தியதும் நாலு டிரம்மின் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பாருங்கள். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அங்கே உரசுகிறது, ஒரு பக்கம் மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே பிடிக்கவில்லை.

200 கி.மீ. ஓடியதும் ஷூவை மறுபடி அட்ஜஸ்ட் செய்து, எல்லா இணைப்பையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது பொதுவான கணக்கு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டிக்கு வருஷா வருஷம், மழை ஓய்ந்து தை பிறந்ததும் மாற்றுங்கள்.